மாற்கு: பாதியில் திரும்பிப் போனவரின் சுவிசேஷம்

மாற்கு பன்னிரண்டு சீடர்களில் ஒருவர் இல்லையே, அப்புறம் எப்படி அவர் பெயரில் ஒரு சுவிசேஷம் இருக்கிறது, அவரைப் பற்றி உறுதியாக என்னதான் தெரியும், வெனிஸ் நகரத்தில் அவருக்கு ஏன் சிங்கம் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். நான்கு சுவிசேஷங்களில் எனக்கு மனதுக்கு மிகவும் நெருக்கமானது இதுதான், சுருக்கமாகச் சொல்ல வராது.

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: ஆமாம், அவர் பன்னிரண்டு பேரில் ஒருவர் இல்லை. சுவிசேஷங்களில் அவர் பெயர் ஒரு இடத்தில்கூட வராது. முதல்முறை வருவது அப்போஸ்தலர் நடபடிகள் 12ஆம் அதிகாரத்தில். அங்கேயும் அவருக்காக வரவில்லை, அவருடைய அம்மா வீட்டை அடையாளம் சொல்வதற்காக வருகிறது. பேதுரு சிறையிலிருந்து தப்பித்து நடு ராத்திரியில் எருசலேம் தெருவில் நிற்கிறார், எங்கே போவது என்று யோசித்து, 'மாற்கு என்னும் மறுபேர் கொண்ட யோவானுடைய தாயாகிய மரியாள்' வீட்டுக்குப் போகிறார். அங்கே நிறையப் பேர் கூடி ஜெபம் செய்துகொண்டிருக்கிறார்கள். ரோதை என்ற வேலைக்காரப் பெண் கதவைத் தட்டும் சத்தம் கேட்டு வந்து, பேதுருவின் குரலை அடையாளம் கண்டு, சந்தோஷத்தில் கதவைத் திறக்கவே மறந்து உள்ளே ஓடுகிறாள். பேதுரு வெளியே தட்டிக்கொண்டே இருக்கிறார். இந்தச் சின்னக் காட்சியிலிருந்து சில விஷயங்கள் தெரிகின்றன. வீடு பெரியது, வாசல் கதவு தனியாக இருக்கிறது, வேலைக்கு ஆள் இருக்கிறது, அதாவது வசதியான குடும்பம். அப்பா பெயர் இல்லை, வீடு அம்மா பெயரில் சொல்லப்படுகிறது, அதனால் அவர் விதவையாக இருந்திருக்கலாம். முக்கியமான விஷயம், ஆபத்தான நேரத்தில் பேதுருவின் கால் தானாக இழுத்துக்கொண்டு போன வீடு அது. அந்த வீட்டில் வளர்ந்த பையன் பேதுருவை எத்தனை முறை பேசக் கேட்டிருப்பான் என்று யோசித்துப் பாருங்கள்.

யோவான் என்பது யூதப் பெயர், மாற்கு என்பது மார்கஸ் என்ற ரோமப் பெயர். அந்தக் காலத்து யூதர்கள் பலருக்கும் இப்படி வீட்டுக்கு ஒன்று வெளிக்கு ஒன்று என்று இரண்டு பெயர் உண்டு, சவுல் பவுல் மாதிரி. எருசலேமின் பழைய நகரத்தில் சீரிய மரபினரின் மாற்கு மடம் ஒன்று இன்றும் இருக்கிறது, மரியாளின் வீடு இருந்த இடம் அதுதான் என்பது அவர்கள் நம்பிக்கை. சாக்கடல் சுருள்களில் முதலில் கிடைத்தவற்றில் நான்கை 1947இல் விலைக்கு வாங்கியது அந்த மடத்துப் பேராயர்தான் என்பது தனிக்கதை.

சரி, அடுத்து பர்னபா. பவுலைத் திருச்சபைக்குள் நம்பி அழைத்து வந்த பர்னபா, மாற்குவுக்கு உறவு. கொலோசெயர் 4:10இல் வரும் கிரேக்கச் சொல்லுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்றோ அத்தை, மாமா பிள்ளை என்றோ எப்படி வேண்டுமானாலும் பொருள் கொள்ளலாம். தமிழில் இது பெரிய சிக்கல், நமக்குப் பெரியப்பா மகனும் மாமன் மகனும் ஒன்றில்லையே. பழைய மொழிபெயர்ப்பு 'இனத்தான்' என்று பொதுவாகச் சொல்லிச் சரியாகச் சமாளித்திருக்கிறது. கி.பி. 46 வாக்கில் பவுலும் பர்னபாவும் அந்தியோகியாவிலிருந்து கிளம்பும்போது இந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். 'உதவிக்காரன்' என்றுதான் அவரைச் சொல்கிறது வேதாகமம். சீப்புரு, அதாவது இன்றைய சைப்ரஸ், தீவு முழுக்க மூன்று பேரும் ஒன்றாக நடக்கிறார்கள். பிறகு கடல் தாண்டி இன்றைய துருக்கியின் தென்கரையில் பெர்கே என்ற ஊருக்கு வந்ததும், யோவான் அவர்களை விட்டுப் பிரிந்து எருசலேமுக்குத் திரும்பிப் போனான் என்று ஒரே வரி வருகிறது. ஏன் போனார் என்று நடபடிகளை எழுதிய லூக்கா சொல்லவில்லை. முன்னால் தவுரு மலைத்தொடர், அதில் வழிப்பறி அதிகம், அதனால் பயந்தார் என்கிறார்கள் சிலர். அதுவரை 'பர்னபாவும் சவுலும்' என்று வந்த வரிசை அந்த இடத்தில்தான் 'பவுலும் அவரோடிருந்தவர்களும்' என்று மாறுகிறது, உறவுக்காரர் இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது பிடிக்கவில்லை என்று வேறு சிலர். வீட்டு ஞாபகம் வந்திருக்கலாம் என்றும் சொல்லலாம். எதுவானாலும் பாதி வழியில் விட்டுவிட்டுப் போனது போனதுதான்.

பவுல் அதை மறக்கவில்லை. அடுத்த பயணத்துக்குக் கிளம்பும்போது மாற்குவையும் அழைத்துப் போகலாம் என்கிறார் பர்னபா. நம்மை விட்டுவிட்டு ஓடினவனை மறுபடியும் கூட்டிப் போக முடியாது என்கிறார் பவுல். இருவருக்கும் கடுமையான வாக்குவாதம். லூக்கா இந்த இடத்தில் போட்டிருக்கும் கிரேக்கச் சொல், கோபம் உச்சிக்கு ஏறிய நிலையைச் சொல்வது. கடைசியில் பவுல் சீலாவைக் கூட்டிக்கொண்டு ஒரு பக்கம், பர்னபா மாற்குவைக் கூட்டிக்கொண்டு சீப்புருவுக்கு. ஆதித் திருச்சபையின் இரண்டு பெரிய ஊழியர்கள் பிரிந்தது ஒரு இளைஞனுக்கு இன்னொரு வாய்ப்பு கொடுப்பதா வேண்டாமா என்ற கேள்வியில்தான். நடபடிகள் புத்தகத்தில் அதற்குப் பிறகு பர்னபாவின் பயணங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, மாற்குவும் காணாமல் போகிறார்.

ஆனால் பவுலின் கடிதங்களில் திரும்பி வருகிறார், அதுதான் அழகு. பிலேமோனுக்கு எழுதிய சின்னக் கடிதத்தின் முடிவில் சிறையிலிருக்கும் பவுல் தன் உடன்வேலையாட்கள் என்று சிலரை எண்ணிச் சொல்கிறார், அதில் முதல் பெயர் மாற்கு, கடைசிப் பெயர் லூக்கா. சுவிசேஷம் எழுதியவர்களாகச் சொல்லப்படும் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பவுலின் பக்கத்தில் இருந்ததை அந்த ஒரு வரி காட்டுகிறது. அந்தக் கடிதம் பவுலே எழுதியது என்பதில் ஆய்வாளர்களுக்குள் அநேகமாகக் கருத்து வேறுபாடே கிடையாது. பிறகு 2 தீமோத்தேயு 4:11. 'மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா. ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்.' அந்தக் கடிதத்தைப் பவுலே எழுதினாரா, அவருடைய மாணவர்களா என்ற விவாதம் உண்டு. யார் எழுதியிருந்தாலும், வேண்டாம் என்று தள்ளப்பட்டவர் வேண்டியவராக ஆனது அன்றைய திருச்சபையின் நினைவில் ஆழமாகப் பதிந்திருந்தது என்று தெரிகிறது. 1 பேதுரு 5:13இல் பேதுரு 'என் குமாரனாகிய மாற்கு' என்கிறார். அங்கே பாபிலோன் என்று சொல்லியிருப்பது ரோமாபுரியை. ஆக, எருசலேம் வீட்டுப் பையன் கடைசியில் ரோமில், பேதுருவின் அருகில்.

அப்புறம் சுவிசேஷம். இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: 'மாற்கு எழுதின சுவிசேஷம்' என்ற தலைப்பு நூலுக்குள் இல்லை. நூலை எழுதியவர் தன் பெயரை எங்கேயும் சொல்லவில்லை, தலைப்பு பிறகு சேர்ந்தது. மாற்கு பெயரைச் சொல்லும் முதல் சாட்சி, இன்றைய துருக்கியில் இருந்த எராப்போலி நகரத்துப் பேராயர் பப்பியா. இரண்டாம் நூற்றாண்டின் முதல் பகுதியில் எழுதியவர். அவருடைய நூல் அழிந்துவிட்டது, ஆனால் நான்காம் நூற்றாண்டுச் சரித்திர ஆசிரியர் யூசேபியு அதிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார். மாற்கு பேதுருவின் மொழிபெயர்ப்பாளராக இருந்தார், பேதுரு பிரசங்கங்களில் சொன்னதில் தனக்கு நினைவிருந்ததைத் துல்லியமாக எழுதினார், ஆனால் வரிசைப்படி எழுதவில்லை, அவர் இயேசுவை நேரில் கேட்டவரும் இல்லை, இதுதான் பப்பியா சொல்வதன் சாரம். பேதுருவும் பவுலும் மறைந்த பிறகு எழுதினார் என்கிறார் இரண்டாம் நூற்றாண்டுப் பேராயர் ஐரேனியு. பேதுரு உயிரோடு இருக்கும்போதே ரோம விசுவாசிகள் கேட்டு எழுதினார் என்கிறார் அலெக்சாந்திரியாவின் கிளமெந்து. இரண்டும் ஒத்துப்போகவில்லை. இன்றைய ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கி.பி. 70ஐ ஒட்டிய சில வருடங்கள் என்கிறார்கள், எருசலேம் ஆலயம் ரோமப் படையால் இடிக்கப்பட்ட ஆண்டு அது, ஆலயம் இடிபடும் என்று சொல்லும் 13ஆம் அதிகாரம் அந்தச் சூட்டிலேயே எழுதியது போல இருக்கிறது.

பேதுரு சொல்லி மாற்கு எழுதினார் என்பதை எவ்வளவு நம்பலாம்? எதிராகச் சொல்லப்படும் வாதங்கள் லேசானவை அல்ல. 7:31இல் இயேசு தீரு பட்டணத்திலிருந்து சீதோன் வழியாகக் கலிலேயாக் கடலுக்கு வருகிறார், வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், தெற்கே போக வேண்டியவர் வடக்கே போய்ச் சுற்றி வருகிறார். எருசலேமில் வளர்ந்தவர் இப்படி எழுதுவாரா என்பது ஒரு கேள்வி. யூதர்கள் எல்லோரும் கை கழுவாமல் சாப்பிட மாட்டார்கள் என்று 7:3 சொல்கிறது, அது அந்தக் காலத்தில் எல்லோருக்கும் பொருந்தாது. மார்கஸ் என்பது ரோம உலகத்தில் மிகச் சாதாரணமான பெயர், அதனால் எழுதிய மாற்கு வேறு, எருசலேம் மாற்கு வேறு என்றும் சொல்லலாம். இவை எல்லாம் நியாயமானவைதான். ஆனாலும் எனக்குத் தோன்றுவது இது: ஒரு அநாமதேய நூலுக்கு மரியாதை சேர்க்க யாராவது பெயர் ஒட்டியிருந்தால் பேதுரு என்றோ யாக்கோபு என்றோ ஒட்டியிருப்பார்கள், இரண்டாம் நூற்றாண்டில் பேதுரு பெயரிலேயே ஒரு போலிச் சுவிசேஷம் உலவியது. பயணத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போன உதவிக்காரனின் பெயரை எதற்காகத் தேடிப் பிடித்து ஒட்ட வேண்டும்? பெயருக்குப் பின்னால் ஏதோ உண்மையான நினைவு இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

நூலுக்குள் போனால் இந்த எண்ணம் இன்னும் கொஞ்சம் பலப்படுகிறது. பேதுருவை மத்தேயு தண்ணீர்மேல் நடக்க வைக்கிறார், 'இந்தக் கல்லின்மேல் என் சபையைக் கட்டுவேன்' என்ற வாக்கைக் கொடுக்கிறார். மாற்குவில் இரண்டுமே இல்லை. 'எனக்குப் பின்னாகப்போ சாத்தானே' என்ற திட்டு மட்டும் இருக்கிறது. சேவல் இரண்டு முறை கூவுவதும் மாற்குவில் மட்டும்தான். முதல் கூவலுக்கே சுதாரித்திருக்கலாம், சுதாரிக்கவில்லை என்பதுதான் அதன் வலி. தன்னைப் பற்றிப் பெருமை சொல்லாமல் தன் வீழ்ச்சியை மட்டும் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போன ஒரு வயதான மீனவரின் குரல் அதற்குள் கேட்கிறதா இல்லையா, நீங்களே படித்துப் பாருங்கள். பேதுருவின் மாமியார் ஜுரமாய்க் கிடந்த சம்பவத்தில் 'அவர்கள்' என்று வரும் இடத்தில் எல்லாம் 'நாங்கள்' என்று மாற்றிப் படித்துப் பாருங்கள் என்று சென்ற நூற்றாண்டில் ஒரு ஆய்வாளர் சொன்னார். செய்து பார்த்தேன், 'நாங்கள் எங்கள் வீட்டுக்குள் போனோம்' என்று அப்படியே பேதுரு சொல்வது போல விழுகிறது.

மொழியைப் பற்றிக் கொஞ்சம். மாற்குவின் கிரேக்கம் பண்டிதர் கிரேக்கம் இல்லை, பேச்சுக்குப் பக்கத்தில் இருப்பது. வாக்கியங்களை 'அப்புறம், அப்புறம்' என்று அடுக்கிக்கொண்டே போவார். 'உடனே' என்ற சொல் நாற்பது தடவை அளவுக்கு வருகிறது, முதல் அதிகாரத்தை மட்டும் எடுத்தாலே எண்ணி மாளாது. நடந்து முடிந்ததைச் சொல்லும்போதே திடீரென்று நிகழ்காலத்துக்கு மாறிவிடுவார், இப்படி நூற்றைம்பது இடங்கள் வரை இருக்கின்றன. நம் ஊரில் ஒரு பாட்டி கதை சொல்லும்போது 'நேத்து போனான், போனா அங்க ஒருத்தன் நிக்கிறான், இவனப் பாத்து சொல்றான்' என்று சொல்வதில்லையா, அதேதான். மத்தேயுவும் லூக்காவும் அவரிடமிருந்து எடுத்து எழுதும்போது இந்த நிகழ்காலங்களை எல்லாம் பெரும்பாலும் திருத்திவிட்டார்கள். தமிழ் மொழிபெயர்ப்புகளிலும் அது காணாமல் போய்விட்டது, எனக்கு அதில் வருத்தம் உண்டு.

இயேசுவின் வாயிலிருந்து வந்த அரமேயச் சொற்களை அப்படியே வைத்திருப்பதும் மாற்குதான். இறந்துகிடந்த சிறுமியின் கையைப் பிடித்து 'தலீத்தாகூமி', காது கேளாதவரிடம் 'எப்பத்தா', கெத்செமனேயில் 'அப்பா', சிலுவையில் 'எலோயீ எலோயீ லாமா சபக்தானி'. அந்த 'அப்பா' சுவிசேஷங்கள் நான்கில் இவரிடம் மட்டும்தான் வருகிறது, தமிழனுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படாத சொல் அது. யாக்கோபு, யோவானுக்கு வைத்த 'பொவனெர்கேஸ்', அதாவது இடிமுழக்க மக்கள், என்ற பட்டப்பெயரும் இங்கே மட்டும்தான். சின்னச் சின்ன விவரங்களைப் பாருங்கள்: புயலில் படகின் பின்புறம் இயேசு தூங்கும்போது தலையணை இருந்தது என்று சொல்வது இவர் ஒருவர்தான். ஐயாயிரம் பேர் உட்கார்ந்த புல் பசும்புல் என்பதும் இவர் சொன்னது. குழந்தைகளை அணைத்துக்கொண்டார் என்பதும் இவர். ஒரு தகப்பன் கண்ணீரோடு 'விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்' என்று கதறுவதும் இவரிடம் மட்டும். மனிதர்கள் மரங்களைப் போல நடக்கிறார்கள் என்று சொல்லி இரண்டாவது முறை தொட்டபின் முழுப்பார்வை பெற்ற குருடன் கதையும் வேறு எங்கும் இல்லை.

சங்கடமானவற்றையும் மூடி மறைக்க மாட்டார். இயேசுவின் சொந்தக்காரர்களே அவருக்குப் புத்தி மாறிவிட்டது என்று பிடித்துக்கொண்டு போக வந்தார்கள் என்று 3:21இல் எழுதுகிறார், மத்தேயுவும் லூக்காவும் அதைத் தொடவே இல்லை. நாசரேத்தில் சில நோயாளிகளைத் தொட்டுக் குணமாக்கியது தவிர ஒரு அற்புதமும் 'செய்யக்கூடாமல்' போனது என்கிறார் மாற்கு, அதையே மத்தேயு அதிகம் 'செய்யவில்லை' என்று மாற்றுகிறார். இவன் தச்சன் அல்லவா என்று ஊர்க்காரர்கள் கேட்டதாக மாற்கு எழுத, மத்தேயுவில் அது தச்சனுடைய குமாரன் என்று ஆகிறது.

இதே ஒப்பீடுதான் மாற்குவின் மதிப்பைத் திரும்ப உயர்த்தியது. ஆயிரத்து நானூறு வருடங்களுக்கு மேல் அவரை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. மாற்கு மத்தேயுவைப் பின்தொடர்ந்து சுருக்கி எழுதியவர் என்று புனித அகுஸ்தீனார் சொன்னதை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள், முழுசு கையில் இருக்கும்போது சுருக்கம் எதற்கு என்று மத்தேயுவையே படித்தார்கள். 1838இல் ஜெர்மனியில் வைஸ, வில்கே என்ற இரண்டு பேர் தனித்தனியாக வேலை செய்து ஒரே முடிவுக்கு வந்தார்கள்: மாற்குதான் முதலில் எழுதப்பட்டது, மத்தேயுவும் லூக்காவும் அதை வைத்துத்தான் எழுதினார்கள். மாற்குவில் 16:8 வரை 661 வசனங்கள், அதில் ஏறக்குறைய 600 வசனங்களின் விஷயம் மத்தேயுவில் இருக்கிறது. சுருக்கி எழுதுகிறவர் என்றால் ஒரே சம்பவத்தை மத்தேயுவைவிட நீளமாக எழுதுவாரா, மலைப்பிரசங்கத்தையும் பரமண்டல ஜெபத்தையும் தூக்கிப் போட்டுவிட்டுத் தலையணையைச் சேர்ப்பாரா? இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஒத்துக்கொள்ளும் கருத்து அதுதான். அதாவது இயேசுவின் ஊழியம், மரணம், கல்லறை என்று எல்லாவற்றையும் ஒரே கதையாகக் கோத்து எழுதி நம் கையில் இருக்கும் முதல் நூல் மாற்குவுடையது. சுவிசேஷம், அதாவது நற்செய்தி, என்ற கிரேக்கச் சொல் அதற்கு முன்பு ரோமப் பேரரசில் அரசனுக்காகப் பயன்பட்டது. அகுஸ்து ராயன் பிறந்த நாளே உலகத்துக்கு நற்செய்தி என்று கி.மு. 9ஐச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று பிரியேனே என்ற ஊரில் கிடைத்திருக்கிறது. ரோம ஆளுநர் சிலுவையில் அறைந்து கொன்ற ஒருவரின் கதைக்கு அதே சொல்லை முதல் வரியில் போட்டு, 'சுவிசேஷத்தின் ஆரம்பம்' என்று தொடங்குகிறார் மாற்கு. அதைத் துணிச்சல் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

ரோமுக்குத்தான் எழுதினாரா? லத்தீன் சொற்கள் நிறைய வருகின்றன, விதவை போட்ட இரண்டு காசு ரோம நாணயத்தில் எவ்வளவு என்று கணக்குச் சொல்கிறார். சிலுவை சுமந்த சீமோனை 'அலெக்சந்தருக்கும் ரூப்புக்கும் தகப்பன்' என்கிறார், படிக்கிறவர்களுக்கு அந்தப் பிள்ளைகளைத் தெரிந்திருக்க வேண்டும், ரோமர் நிருபத்தின் கடைசியில் ஒரு ரூப்பு இருக்கிறார். கி.பி. 64இல் ரோம் எரிந்தபின் நீரோ கிறிஸ்தவர்கள்மேல் பழிபோட்டுக் கொன்றதை நினைத்துக்கொண்டு படித்தால் பல இடங்கள் புரியும். எல்லாவற்றையும் விட்டு வந்தவர்களுக்கு நூறு மடங்கு கிடைக்கும் என்ற வாக்குறுதியில் 'துன்பங்களோடேகூட' என்று சேர்த்திருப்பது மாற்கு மட்டும்தான்.

இங்கேதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. அப்படிப்பட்ட துன்ப காலத்தில் எல்லோருமா உறுதியாக நின்றிருப்பார்கள்? சிலர் மறுதலித்திருப்பார்கள், சிலர் ஓடியிருப்பார்கள். மாற்குவின் புத்தகம் முழுக்க ஓடுகிறவர்கள். 14:50இல் எல்லோரும் அவரை விட்டு ஓடிப்போனார்கள். அடுத்த இரண்டு வசனத்தில், வேறு எந்தச் சுவிசேஷத்திலும் இல்லாத ஒரு வாலிபன், துப்பட்டி ஒன்றை மட்டும் போர்த்திக்கொண்டு பின்னால் வந்தவன், பிடிக்க வந்ததும் துப்பட்டியை விட்டுவிட்டு நிர்வாணமாக ஓடுகிறான். யார் அவன், எதற்காக அந்த இடத்தில் வருகிறான்? மாற்கு தன்னையே அப்படி மூலையில் வரைந்து வைத்தார் என்று வெகுகாலமாக ஒரு கருத்து உண்டு. நிரூபிக்க முடியாதுதான், ஆனால் பெர்கேயிலிருந்து திரும்பிப் போனவரின் கதையை நினைத்துக்கொண்டு படித்தால் மனசு அதையே சுற்றுகிறது. பிறகு கல்லறைக்குள் வெள்ளை அங்கியோடு உட்கார்ந்திருப்பவரையும் அதே 'வாலிபன்' என்ற சொல்லால்தான் சொல்கிறார். அந்த வாலிபன் பெண்களிடம் சொல்வது, 'அவருடைய சீஷரிடத்துக்கும் பேதுருவினிடத்துக்கும்' போய்ச் சொல்லுங்கள் என்று. 'பேதுருவினிடத்துக்கும்' என்ற சொல் மாற்குவில் மட்டும் இருக்கிறது. மூன்று முறை தெரியாது என்றவனுக்குத் தனியாகப் பெயர் சொல்லிச் செய்தி போகிறது.

அதன்பின் பெண்கள் நடுங்கி ஓடுகிறார்கள், பயந்திருந்தபடியால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவுதான், 16:8. நம் கையில் இருக்கும் மிகப் பழைய முழு வேதாகமப் பிரதிகள் இரண்டு, நான்காம் நூற்றாண்டின் வத்திக்கான் பிரதியும் சீனாய் பிரதியும், அங்கேயே முடிந்துவிடுகின்றன. பாம்புகளை எடுப்பார்கள் என்றெல்லாம் வரும் 9 முதல் 20 வரையிலான வசனங்கள் பிறகு சேர்ந்தவை என்பது ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கருத்து, நடையே வேறாக இருக்கும். ஆனால் அவையும் மிகப் பழையவை, கி.பி. 180 வாக்கிலேயே ஐரேனியு அதிலிருந்து மேற்கோள் காட்டுகிறார். கடைசி ஏடு கிழிந்து போயிற்றா, அல்லது வேண்டுமென்றே அப்படி முடித்தாரா? வேண்டுமென்றேதான் என்பது என் எண்ணம். பெண்கள் பேசாமலே இருந்திருந்தால் இந்தப் புத்தகமே இருக்காது, படிக்கிறவர் கையில் புத்தகம் இருப்பதே மீதிக் கதை.

இடையில் ஒன்று: முதல் நூற்றாண்டு மாற்கு பிரதி கிடைத்துவிட்டது என்று 2012 முதல் இணையத்தில் ஒரு செய்தி சுற்றியது, இன்னமும் சிலர் பகிர்கிறார்கள். அந்தத் துண்டு 2018இல் முறைப்படி வெளியானது. எகிப்தின் ஆக்சிரிங்கஸ் குப்பை மேட்டில் கிடைத்தது, இரண்டாம் நூற்றாண்டின் முடிவு அல்லது மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கம். அதுவே பெரிய விஷயம், முதல் நூற்றாண்டு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

எகிப்து என்றதும் மாற்குவின் அடுத்த வாழ்க்கை வந்துவிடுகிறது. அங்கே முதலில் சுவிசேஷம் கொண்டுபோனவர் மாற்கு என்று யூசேபியு எழுதுகிறார், நீரோ ஆட்சியின் 8ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 62 வாக்கில், அன்னியானு என்பவர் அவருக்குப் பிறகு பொறுப்பேற்றார் என்கிறார். எகிப்துக் கிறிஸ்தவர்களான கோப்தியரின் மரபில் கதை இன்னும் விரிவானது. அவர் பிறந்தது லிபியாவின் சிரேனே பகுதியில். அலெக்சாந்திரியாவுக்குள் நுழையும்போது செருப்பு வார் அறுந்துவிட, அதைத் தைக்கக் கொடுத்த இடத்தில் அன்னியானு கையில் ஊசி குத்தி 'ஒரே கடவுளே' என்று கத்துகிறார், மாற்கு காயத்தை ஆற்றிவிட்டு அந்த ஒரே கடவுள் யார் என்று சொல்ல ஆரம்பிக்கிறார், அந்தச் செருப்பு தைக்கிறவரே அடுத்த பேராயர். கி.பி. 68இல் ஈஸ்டர் அன்று, செராபிஸ் தெய்வத்தின் திருவிழாவும் அதே நாளில் வர, கூட்டம் மாற்குவின் கழுத்தில் கயிறு கட்டித் தெருத்தெருவாக இழுத்துக் கொன்றது என்பது அவர்களின் நினைவு. சரித்திரமாகப் பார்த்தால் இதில் இடைவெளிகள் உண்டு, 62இல் பொறுப்பு மாறியது என்பதும் 68இல் இறந்தார் என்பதும் எளிதில் பொருந்தாது. ஆனால் எகிப்துக் கிறிஸ்தவர்களுக்கு இது வெறும் கதை இல்லை. கோப்தியத் திருச்சபையின் தலைவர் இன்றும் மாற்குவின் ஆசனத்தில் இருப்பவர் என்றே அழைக்கப்படுகிறார், 2012இல் பொறுப்பேற்ற இரண்டாம் தவத்ரோஸ் அந்த வரிசையில் 118ஆவது. 2017 குருத்தோலை ஞாயிறு அன்று அலெக்சாந்திரியாவின் மாற்கு ஆலயத்தில் அவர் ஆராதனை நடத்திய நாளில்தான் வாசலில் குண்டு வெடித்துப் பலர் இறந்தார்கள். மாற்குவின் இரத்தத்தில் நடப்பட்ட சபை என்று அவர்கள் சொல்லும்போது பழங்கதை பேசுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுவதில்லை.

கடைசியாக வெனிஸ். 828இல் புவோனோ, ருஸ்திகோ என்ற இரண்டு வெனிஸ் வியாபாரிகள் அலெக்சாந்திரியாவில் மாற்குவின் உடல் என்று வணங்கப்பட்டதை எடுத்துக்கொண்டு கப்பல் ஏறினார்கள். கூடையில் மேலே பன்றி இறைச்சியையும் கோசையும் போட்டு மூடியதால் சுங்கக்காரர்கள் 'கன்சிர், கன்சிர்', அதாவது பன்றி பன்றி, என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு விட்டுவிட்டார்கள் என்று வெனிஸ்காரர்களே மோசைக் ஓவியமாக வைத்திருக்கிறார்கள். திருட்டு என்று அவர்கள் நினைக்கவில்லை, காப்பாற்றிக் கொண்டுவந்தோம் என்றார்கள். பின்னால் அரசியலும் இருந்தது. அதற்கு முந்தைய வருடம்தான் மாந்துவாவில் கூடிய ஆயர் மன்றம், மாற்கு நிறுவிய சபை என்று சொல்லிக்கொண்ட அக்குலேயா என்ற போட்டி நகரத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு கொடுத்திருந்தது. மாற்குவின் உடலே எங்களிடம் இருக்கிறது என்றால் யார் என்ன பேச முடியும்? பழைய காவலரான தியோதோரை ஓரம் கட்டிவிட்டு மாற்குவை ஊரின் காவலராக ஆக்கினார்கள். முதல் ஆலயம் 976இல் எரிந்தது, இப்போது நிற்பது பதினோராம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கியது.

சிங்கம் அங்கே பிறந்தது இல்லை. எசேக்கியேலிலும் வெளிப்படுத்தலிலும் வரும் நான்கு ஜீவன்களை நான்கு சுவிசேஷங்களுக்குப் பங்கு போடும் பழக்கம் இரண்டாம் நூற்றாண்டிலேயே உண்டு. ஐரேனியு மாற்குவுக்குக் கொடுத்தது கழுகை, சிங்கத்தை யோவானுக்குக் கொடுத்தார். பிறகு வேதாகமத்தை லத்தீனில் மொழிபெயர்த்த எரோணிமுஸ் காலத்தில் நிலைத்த வரிசையில்தான் சிங்கம் மாற்குவுக்கு வந்தது, வனாந்தரத்தில் கூப்பிடுகிற சத்தத்தோடு அவர் நூல் தொடங்குவதால் கர்ஜனை பொருத்தம் என்று. சிறகுள்ள அந்தச் சிங்கத்தைப் பாதத்தடியில் ஒரு புத்தகத்தோடு வெனிஸ் தன் கொடியில் ஏற்றியது, 'மாற்குவே, என் நற்செய்தியாளனே, உனக்குச் சமாதானம்' என்று அந்தப் புத்தகத்தில் லத்தீனில் எழுதியிருக்கும்.

1968 ஜூனில் திருத்தந்தை ஆறாம் பவுல் அந்த எலும்புகளில் ஒரு பகுதியைக் கோப்தியத் தலைவர் ஆறாம் கிரில்லோஸுக்குத் திருப்பிக் கொடுத்தார். கெய்ரோவில் புதிதாக எழுந்த மாற்கு பேராலயத்தின் திறப்பு விழாவுக்கு எகிப்து அதிபர் நாசரும் எத்தியோப்பியப் பேரரசர் ஹைலே செலாசியும் வந்திருந்தார்கள். 828இல் கொண்டுபோனது, 1140 வருடம் கழித்து ஒரு பகுதியாவது திரும்பி வந்தது. மேற்குத் திருச்சபை ஏப்ரல் 25இலும் கோப்தியர் மே 8இலும் அவரை நினைவுகூர்கிறார்கள்.

தமிழில் மாற்கு அச்சேறியது 1714இல், சீகன்பால்கு தரங்கம்பாடியில் அச்சிட்ட நான்கு சுவிசேஷங்களில் ஒன்றாக. எந்த மொழிபெயர்ப்பு கையில் இருந்தாலும் சரி, ஒரு நாள் மாலை உட்கார்ந்து 16 அதிகாரங்களையும் ஒரே மூச்சில் சத்தமாக வாசித்துப் பாருங்கள், ஒன்றரை இரண்டு மணி நேரம்தான் ஆகும். தனித்தனி வசனமாகக் கேட்டுப் பழகிய காதுக்கு அது வேறு புத்தகமாகக் கேட்கும். 16:8 வந்ததும் அன்றைக்கு அங்கேயே நிறுத்திவிடுங்கள்.